ஈசிஜி சரியாக இருந்தால் ஒன்றுமில்லை என்று பொருளல்ல

சென்ற வாரம் பாலக்கோடு பக்கத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர், மஞ்சள் பையிலிருந்து ஆறு ஈசிஜி தாள்களை எடுத்து என் மேசைமேல் பரப்பினார். முதல் தாளில் கோடுகளே மங்கிவிட்டிருந்தன. ஆறு முறையும் "ஒன்றுமில்லை, வாயுதான்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தருமபுரியில் மனநல மருத்துவம் பார்க்கும் எனக்கு இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு மனம் சலித்துவிட்டது.

அவருக்கு வந்தது வாயு அல்ல, பதற்றத் தாக்குதல். நெஞ்சு படபடத்து, வியர்த்து, விரல்கள் மரத்து, உயிர் போய்விடும் என்ற பயம் பொதுவாகப் பத்து நிமிடத்திற்குள் உச்சத்தைத் தொடும். பெரும்பாலும் அரை மணி நேரத்தில் தானே தணியும். அதற்குள் சோடா குடித்தவருக்குச் சோடாவே குணப்படுத்தியதாகவும், குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டவருக்கு அதுவே காப்பாற்றியதாகவும் தோன்றுவதால்தான் வாயுக் கதை இன்னும் நிலைத்திருக்கிறது.

அந்த இளைஞருக்கு ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் இரவு ஷிப்ட். பகலில் நான்கு மணி நேரத் தூக்கம், விழித்திருப்பதற்காக ஐந்தாறு காபி. இவற்றை அதுவரை யாரும் அவரிடம் கேட்கவில்லை. தொப்பூர் கணவாயில் விபத்தில் சிக்கிய லாரி ஓட்டுநர் ஒருவருக்கோ, பிரேக் கருகும் வாடை மூக்கில் பட்டாலே மூச்சு முட்டுகிறது. முந்தைய இரவு குடித்தவருக்கு மறுநாள் காலையிலும், தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்தியவருக்கும் இது வரலாம். தைராய்டு மிகையும் இரத்தசோகையும் இதே படபடப்பைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனையை நான் தவிர்ப்பதில்லை. இவை எல்லாவற்றையும்விட, மறுபடி வந்துவிடுமோ என்ற அச்சமே அடுத்த தாக்குதலை இழுத்து வருகிறது. பேருந்து, சந்தை, கல்யாண வீடு என ஒவ்வொன்றாக ஒதுக்கிக் கடைசியில் வீட்டுக்குள் முடங்கியவர்களையும் பார்க்கிறேன்.

முதன்முறையாக நெஞ்சுவலி வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஈசிஜி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதயத்தில் கோளாறில்லை என்று உறுதியான பிறகும் தாக்குதல் திரும்பத் திரும்ப வந்தால், ஏழாவது ஈசிஜிக்கு ஓடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். பேச்சு வழிச் சிகிச்சையும் மாத்திரையும் இதற்கு நன்றாகவே பலன் தருகின்றன. தாக்குதல் தணியும் என்று நினைத்து, வாயில் காகிதப் பையை வைத்து அதற்குள்ளேயே மூச்சு விடாதீர்கள். இதய நோயோ ஆஸ்துமாவோ இருப்பவருக்கு அது ஆபத்து. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். நேரில் வரத் தயங்குபவர்கள் அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

உடன் வரும் குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள்: "நடிக்கிறான்" என்று அவர் காதுபடச் சொல்லாதீர்கள். அந்த அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.