பயேயா: சட்டியின் பெயரே சோற்றுக்கும்

பயேயா (paella) ஸ்பெயினின் வலென்சியா பகுதியில் பிறந்த சோற்று உணவு. ஸ்பானிய மொழியில் இரட்டை எல் வந்தால் 'ய' ஒலி. அதனால் 'பயெல்லா' அல்ல, பயேயா. அந்தப் பகுதியின் வலென்சிய மொழியில் இந்தச் சொல்லுக்கு முதற்பொருள் சட்டி என்பதுதான், சோறு அப்புறம் வந்த பொருள். இதன் வேர் 'பதெல்லா' என்ற லத்தீன் சொல். சிறிய, ஆழமில்லாத தட்டு என்று பொருள். முழங்கால் சில்லுக்கு மருத்துவர்கள் சொல்லும் பெயரும் இதுதான். 'பாரா எயா', அதாவது 'அவளுக்காக', என்பதிலிருந்து வந்ததாகச் சொல்லும் கதை கேட்க இனிக்கும், ஆனால் உண்மையில்லை.

சட்டியின் பெயர் சோற்றுக்கு வந்ததில் நியாயம் இருக்கிறது. இந்தச் சமையலின் சூட்சுமமே சட்டியின் அகன்ற, ஆழமில்லாத வடிவம்தான். அதில் சேர்பவை: வலென்சியா நகரை ஒட்டிய அல்புஃபேரா ஏரிக்கரை வயல்களில் விளையும் குட்டை அரிசி, கோழி, முயல், தட்டையான பச்சை பீன்ஸ், 'கர்ரொஃபோ' என்ற பெரிய வெள்ளை அவரை, தக்காளி, குங்குமப்பூ, ஆலிவ் எண்ணெய். ஆரஞ்சு மர விறகில் அடுப்பு எரியும். கறியைப் பொன்னிறமாக வதக்கி, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, அரிசியைப் பரப்புவார்கள். அதற்குப் பிறகு கரண்டி போடக் கூடாது. மூடியும் கிடையாது. அரிசி ஒரு விரற்கடை உயரத்துக்கு மேல் போகாததால், ஏறக்குறைய இருபது நிமிடத்தில் நீர் முழுவதும் வற்றி, ஒவ்வொரு மணியும் சாற்றைக் குடித்திருக்கும்.

பிரியாணி நேர்மாறு. ஆழமான அண்டா, இறுக்கிய மூடி, தம். ஆகவே 'ஸ்பானிய பிரியாணி' என்று எழுதுவது எனக்கு உறுத்துகிறது. தமிழில் சொல்ல வேண்டுமென்றால் 'அகல்சட்டிச் சோறு' என்பேன். அகன்று ஆழமில்லாமல் இருப்பதை அகல் என்றுதானே விளக்குக்கும் சொல்கிறோம்? உணவு விடுதியில் கேட்கும்போது பயேயா என்றே கேட்கலாம், விளக்கம் எழுதும்போது அகல்சட்டிச் சோறு சரியாகப் பொருந்தும்.

இன்னொரு சொல், 'சொக்கர்ராத்'. கடைசியில் தண்ணீர் சுண்டியதும் அடிச்சோறு சடசடவென்று பொரியும். கருகாமல், செம்பழுப்பாகச் சட்டியோடு ஒட்டும் அந்தப் பொருக்கை மரக்கரண்டியால் சுரண்டிச் சாப்பிடுவார்கள். விருந்தில் அதற்குத்தான் போட்டி. இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை. நம் வீடுகளில் அதன் பெயர் காந்தல்.