ஈரமண் தந்த வழக்கு: ‘ஸ்டிக்கி விக்கெட்’

பிரிட்டனில் ஓர் அமைச்சர் நாடாளுமன்றக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் தவித்தால், அவர் ‘ஸ்டிக்கி விக்கெட்’டில் நிற்கிறார் என்பார்கள். பிசுபிசுப்பான கிரிக்கெட் ஆடுகளம் எப்படி இக்கட்டுக்குப் பெயரானது என்பதை அந்த நாட்டு மண்ணைப் பார்த்தால்தான் புரிந்துகொள்ள முடியும்.

மழை பெய்தாலும் ஆடுகளத்தை முழுவதுமாக மூடாமல் விடும் வழக்கம் அங்கே நெடுங்காலம் இருந்தது. களிமண் தரை சொதசொதவென்று நனைந்திருக்கும்போது பந்து வழுக்கிக்கொண்டு மெதுவாக வருவதால், மட்டையாளருக்கு அவ்வளவாக ஆபத்து இல்லை. வெயில் ஏறித் தரை காயத் தொடங்கும்போதுதான் வினை ஆரம்பமாகிறது. மேல்மண் பிசைந்த மாவின் பதத்துக்கு வந்துவிட, விழும் பந்து அதில் லேசாகப் புதைந்து, உராய்வு கூடி, சுழற்சியின் வேகத்தில் கூர்மையாகத் திரும்புகிறது. ஈரம் எங்கும் சீராகக் காய்வதில்லை. ஆகவே அடுத்தடுத்து விழும் இரு பந்துகளில் ஒன்று நெஞ்சுக்கு எழும்பும், மற்றொன்று கணுக்காலைத் தாண்டாது. 1934-இல் லார்ட்ஸ் டெஸ்டில், மழைக்குப் பிந்தைய அத்தகைய தரையில், யார்க்‌ஷயரின் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஹெட்லி வெரிட்டி ஆஸ்திரேலியாவின் 14 விக்கெட்டுகளை ஒரே நாளில் சாய்த்தார். அன்று மட்டை பிடித்தவர்களின் நிலையை நினைத்துப் பார்த்தால், இந்த வழக்கின் கனம் விளங்கும்.

நம் பேச்சிலும் புழங்கும் ‘டக் அவுட்’ எளிய கதைதான்: பூஜ்யம் வாத்து முட்டைபோல் இருக்கிறது. ‘ஹாட்ரிக்’ 1858-ஆம் ஆண்டுக்குரியது. ஷெஃபீல்டில் அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூன்று விக்கெட் எடுத்த ஸ்டீபன்சனுக்குப் பணம் திரட்டி ஒரு தொப்பி வாங்கித் தந்தார்கள்.

இவற்றுள் என்னை மிகவும் வியக்க வைப்பது ‘கூக்ளி’. எதிர்பாராத கோணத்தில் பாயும் கேள்வியை ‘கூக்ளி’ என்கிறார்கள். அதன் சூட்சுமம் முழுவதும் மணிக்கட்டில் இருக்கிறது. சாதாரண லெக் ஸ்பின் பந்து வலக்கை ஆட்டக்காரரை விட்டு விலகித் திரும்பும். அதே ஓட்டம், அதே கைவீச்சு. ஆனால் புறங்கை மட்டையாளரைப் பார்க்கும் அளவுக்கு மணிக்கட்டை இன்னும் சற்று மடக்கிவிட்டால், பந்து சுண்டுவிரல் பக்கமாக வெளியேறி, எதிர்த்திசையில் சுழன்று உள்ளே திரும்புகிறது. பந்தை மேசைமேல் எத்தி எதிரில் இருப்பவரை ஏமாற்றும் வீட்டு விளையாட்டு ஒன்றிலிருந்து, பெர்னார்ட் போசன்கே என்ற மிடில்செக்ஸ் வீரர் இதை வளர்த்தெடுத்தார். 1900-இல் லார்ட்ஸில் அதற்கு முதலில் பலியானவர் லெஸ்டர்ஷயரின் சாமுவேல் கோ. சதத்துக்கு இரண்டே ஓட்டங்கள் மீதமிருக்க, 98-இல் ஸ்டம்பிங் ஆனார்.