ஆறு அரிசி மூட்டையும் ஒரு வளைந்த கம்பியும்

சேன் லூயியிலிருந்து சிலாவோஸுக்கு ஏறுகிற மலைப்பாதை 37 கிலோமீட்டர்தான். ஆனால் நானூறுக்கும் மேல் வளைவுகள். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் அதற்குப் பெயரே '400 வளைவுப் பாதை'. 1932-இல் இந்தச் சாலை வருவதற்கு முன்பு, வெந்நீர் ஊற்றில் குளிக்க வந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்து ஆட்கள் தோளில் சுமந்துகொண்டு போனார்கள். இன்றைக்குக் காரின் பின்சீட்டில் போகிறவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே சுகம்தான். ஒரு வளைவில் இந்தப் பக்கம் சாய்வு, அடுத்ததில் அந்தப் பக்கம் சாய்வு, நடுவில் தயிர்சாத டப்பா சீட்டில் வழுக்கிப்போய்க் கதவில் முட்டும்.

என் அக்கா மகனுக்கு இந்தச் சாய்வு பிடிக்கவில்லை. பழைய வண்டி, முன்சக்கர இழுவை, அதாவது இன்ஜின் சுற்றுவது முன்சக்கரங்களை. "மாமா, வண்டி படகு மாதிரி ஆடுது. திருப்பினா திரும்பவும் மாட்டேங்குது, நேரா ஓடுது. பின்னாடி தடியா ஒரு பார் போட்டா சரியாயிடுமாம்" என்றான். பெட்டியும் அதற்குள் வந்து இறங்கிவிட்டது. அப்புறம் என்ன யோசனை கேட்பது?

உள்ளே இருந்தது ஒரு வளைந்த எஃகுக் கம்பி, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ஸ்வே பார், ஆன்டி ரோல் பார். புதுச்சேரிப் பட்டறையில் ஸ்டெபிலைசர் பார். இங்கே மெக்கானிக் வாயில் பார் ஆன்டி ரூலி. கனடாவின் ஸ்டீபன் கோல்மன் 1919-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். வண்டிக்குக் குறுக்கே படுத்திருக்கும் இந்தக் கம்பியின் நடுப்பகுதியை இரண்டு புஷ், அதாவது ரப்பர் மாதிரி உறை, வழியாக வண்டியின் அடிச்சட்டம் பிடித்துக்கொள்ளும். இரண்டு நுனியும் கை மாதிரி மடங்கி, ஆளுக்கொரு லிங்க் என்கிற சின்ன இணைப்புத் தண்டு வழியாக இடது சக்கரத்தோடும் வலது சக்கரத்தோடும் சேரும்.

துவைத்த புடவையை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்துப் பிழிவதைப் பார்த்திருப்பீர்கள். இருவரும் எதிரெதிராக முறுக்கினால்தான் தண்ணீர் வடியும். ஒரே பக்கமாகச் சுழற்றினால் புடவை சும்மா உருளும். கம்பியும் அப்படித்தான். வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் கம்பி புஷ்ஷுக்குள் உருண்டுகொடுக்கும், எந்த எதிர்ப்பும் இல்லை. வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் உடலை நோக்கி மேலே அமுங்கும், உள்பக்கச் சக்கரம் கீழே தொங்கும். அப்போது கம்பி முறுக்கப்படும். முறுக்கப்பட்ட எஃகு பழைய நிலைக்கு வரப் பார்க்கும், அந்த முரண்டுதான் சாய்வைக் குறைக்கிறது. இதே காரணத்தால் ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தாலும் கம்பி முறுக்கும். அந்த அடி மறுபக்கத்துக்கும் போகும். தடிக் கம்பி போட்ட வண்டியில் மோசமான ரோட்டில் தலை இடதும் வலதுமாக ஆடுவது இதனால்தான்.

எவ்வளவு தடி? இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 20 மில்லிமீட்டரை 22 ஆக்கினால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, விறைப்பு 46 சதவீதம் கூடிவிடும். இன்னொரு வேடிக்கை: முறுக்கைத் தாங்குவது பெரும்பாலும் கம்பியின் வெளித்தோல். அதே 22 கம்பியின் நடுவில் 14 மில்லிமீட்டருக்கு ஓட்டை விட்டால் எடை 40 சதவீதம் குறையும், விறைப்பு 16 சதவீதம்தான் குறையும். மூங்கிலுக்குத் தெரிந்த கணக்கு.

சரி, சாய்வு குறைந்தால் பிடிப்பு கூடுமா? கூடும் என்றுதான் மருமகனும் நம்பினான். ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டினேன். 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 25 கிலோமீட்டர் வேகம். பக்கவாட்டு விசை வண்டி எடையில் மூன்றில் ஒரு பங்கு வரும். வண்டி 1,200 கிலோ, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர், இடது வலது சக்கரங்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும் பாரம் சுமார் 145 கிலோ. கிட்டத்தட்ட ஆறு அரிசி மூட்டை, 25 கிலோ மூட்டை. இந்தக் கணக்கில் கம்பி எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? எவ்வளவு தடியாகப் போட்டாலும் ஆறு மூட்டை ஆறு மூட்டைதான்.

அந்த ஆறில் முன்பக்கம் எத்தனை, பின்பக்கம் எத்தனை என்பதைத்தான் கம்பி மாற்றுகிறது. பழைய நாற்காலிச் சுமையை நினைத்துக்கொள்ளுங்கள்: எந்தத் தோள் விறைப்பாக நிற்கிறதோ அதில்தான் பாரம் ஏறும். பின்பக்கம் விறைத்தால் மூட்டைகளில் அதிகப் பங்கு பின் வெளிச்சக்கரத்துக்குப் போகும். முன்பக்கம் இடது வலது வித்தியாசம் குறையும். டயருக்கு ஒரு குணம் உண்டு. பாரம் இரண்டு மடங்கானால் பிடிப்பு இரண்டு மடங்காகாது, கொஞ்சம் குறைவாகவே ஏறும். அதனால் ஒரே அச்சின் இரண்டு டயர்களில் ஒன்று நிறையவும் மற்றது கொஞ்சமாகவும் சுமந்தால் மொத்தத்தில் நஷ்டம். பின்கம்பியைத் தடியாக்கினால் முன்பக்கம் லாபம், பின்பக்கம் நஷ்டம். நேராக ஓடுகிற முன்சக்கர வண்டி திரும்ப ஆரம்பிப்பதன் ரகசியம் இதுதான். சில சின்ன வண்டிகள் வளைவில் பின் உள்சக்கரத்தை, காலைத் தூக்கிய நாய் மாதிரி, அந்தரத்தில் வைத்துக்கொள்வதும் இதனால்தான்.

ஷாக் அப்சார்பரை மாற்றினால்? எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்பது மாறும், எவ்வளவு சாய்கிறது என்பது மாறாது. குட்டை ஸ்பிரிங் போட்டு வண்டியைத் தரையோடு தரையாக இறக்கும் பிள்ளைகள் இங்கே நிறைய. அளவுக்கு மீறி இறக்கினால் சக்கரத்தை அடிச்சட்டத்தோடு சேர்க்கும் கீழ்க் கைகளான லோயர் ஆர்ம்களின் கோணம் கெட்டு, சாய்க்கும் நெம்புகோல் நீளமாகிவிடுவதும் உண்டு. அழகுக்காகச் செய்கிறார்கள் என்றால் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

மாட்டுகிற வேலை ஞாயிற்றுக்கிழமை காலையில். பின்பக்கம் முழுவதையும் தூக்கி இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்தோம். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி கொடுத்தால் கம்பி முறுக்கிக்கொண்டு நிற்கும், போல்ட்டைக் கழற்றும்போது எகிறும், மாட்டும்போது ஓட்டை பொருந்தாது. லிங்க்கின் நட்டு கடல் காற்றில் துருவேறிக் கிடந்தது. முதல் நாள் ராத்திரியே எண்ணெய் விட்டிருந்தோம். ஸ்பேனரைத் திருப்பினால் நட்டோடு சேர்ந்து நடுத்தண்டும் சுற்றுகிறது. தண்டின் நுனியில் ஒரு அறுகோணக் குழி இருக்கும். அதில் எல் கீயைச் செருகிப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்ப வேண்டும். மருமகன் அதுவரை அந்தக் குழியைப் பார்த்ததே இல்லை.

புது புஷ் பாலியூரித்தேன். உலர்ந்தபடி மாட்டினால் கீச்சுக் கீச்சென்று கத்தும். கூடவே வந்த சிலிகான் கிரீஸை உள்ளே தடவி, கிளாம்பை இறுக்கியபின் கம்பியைக் கையால் உருட்டிப் பார்த்தோம். உருள வேண்டும், அடம்பிடித்தால் கிளாம்பு கோணல். லோயர் ஆர்ம் புஷ், இங்கே சொல்கிற சிலாம்ப்ளோக், வேறு ஜாதி. அதில் ரப்பர் உள்குழாயோடு ஒட்டியே இருக்கும். அந்த போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே காலம் தள்ளி, சீக்கிரம் கிழியும். வண்டி தன் காலில் நின்றபின்தான் கடைசி இறுக்கு.

கம்பியின் கையில் மூன்று ஓட்டைகள். லிங்க்கை உள் ஓட்டையில் மாட்டினால் கை குட்டை, விறைப்பு அதிகம். எதில் மாட்டினான் என்று சொல்லவா வேண்டும்?

காய்ந்த ரோட்டில் வண்டி சொன்னபடி கேட்டது, எனக்கே ஆசையாக இருந்தது. ஜனவரியில் மழை. சிலாவோஸிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில் பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்திருக்கிறான். பாரம் முன்னால் பாய, ஏற்கெனவே நஷ்டத்தில் இருந்த பின்பக்கம் இன்னும் லேசாகி, வால் வெளியே வந்துவிட்டது. நல்லவேளை, எதிரே வண்டி இல்லை. பாதி திரும்பிய நிலையில் மலைச்சுவர் ஓரமாக நின்றான்.

அன்று மாலையே லிங்க்கை வெளி ஓட்டைக்கு மாற்றினோம், பக்கத்துக்குப் பத்து நிமிடம். இன்ஷூரன்ஸுக்கும் கம்பி மாற்றியதை எழுதிக் கொடுக்கச் சொன்னேன். இப்போது வேகத்தடையில் ஒரு சக்கரம் ஏறினால் முன் இடதுபக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். முன்பக்க லிங்க் தேய்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். எல் கீயை அவனிடமே கொடுத்துவிட்டேன்.