வேல் பிழைத்தால் யானை பிழைக்கும்

தப்பு என்றால் குற்றம். தப்பினான் என்றால் ஆபத்திலிருந்து மீண்டான். பிழை என்றால் தவறு. பிழைத்தான் என்றால் சாவிலிருந்து மீண்டான். ஒரு சொல்லில் மட்டும் இப்படி நேர்ந்திருந்தால், வேறு வேறு இரண்டு சொற்கள் ஒலியில் ஒன்றாகிவிட்டன என்று விட்டுவிடலாம். இரண்டு சொற்களிலும் அதே இரட்டைப் பொருள் என்றால் தற்செயல் என்று சொல்ல மனம் வரவில்லை. தெலுங்கிலும் கன்னடத்திலும்கூட ‘தப்பு’ குற்றம்தான். தப்பிப்பதற்கும் அங்கே அதே வேர்தான்.

இந்த முடிச்சு அவிழும் இடம் திருக்குறளில் இருக்கிறது, 772-ஆம் குறள்:

கான முயலெய்த அம்பினில் யானை
பிழைத்தவேல் ஏந்தல் இனிது.

காட்டு முயலைத் தைத்த அம்பைவிட, யானைமேல் எறிந்து குறி தவறிய வேலை ஏந்துவது இனிது என்கிறது குறள். இங்கே பிழைத்தது வேல். ஆனால் ‘யானை பிழைத்த’ என்ற சொற்கள் இன்றைய காதில் விழுந்தால், யானை உயிரோடு போயிற்று என்றுதான் தோன்றும். அப்படிக் கேட்பதும் பொய்யில்லை. நடந்தது ஒன்றுதான்: வேல் போய்ச் சேரவேண்டிய இடத்தில் சேரவில்லை. எறிந்தவன் பக்கம் நின்று பார்த்தால் அது பிழை. யானையின் பக்கம் நின்று பார்த்தால் பிழைப்பு.

பொருள் இப்படிப் பக்கம் மாற இலக்கணமும் இடம் கொடுக்கிறது. ‘யானையைப் பிழைத்த வேல்’ என்று விரித்தால் குழப்பமே இல்லை. ஆனால் அஃறிணைப் பெயரில் ‘ஐ’ உருபு மறைந்து நிற்பது தமிழில் இயல்பு. உருபு மறைந்ததும் யானை எழுவாயா, செயப்படுபொருளா என்பதைக் கேட்பவர்தான் முடிவு செய்யவேண்டும். பெயரெச்சமும் இதில் உதவிக்கு வராது; ‘பிழைத்த’ என்ற வடிவம் யார் பிழைத்தது என்று காட்டிக்கொடுப்பதில்லை. எப்படிப் படித்தாலும் செய்தி பொருந்திவருகிற இத்தகைய இடங்களில்தான் சொற்கள் சத்தமில்லாமல் புதுப்பொருளுக்குத் தாவுகின்றன என்பது மொழியியலாளர் பலரின் கருத்து.

குறி தவறுவதிலிருந்து குற்றத்துக்குப் போகும் பாதை நமக்கு மட்டும் உரியதல்ல. கிரேக்கத்தில் ‘ஹமார்தியா’ என்ற குற்றம், குறி தவறுதலைச் சொல்லும் வினையிலிருந்து வந்தது. நம் சொற்களின் தனிச்சிறப்பு, இரண்டு பக்கத்தையும் விடாமல் வைத்துக்கொண்டதுதான்.

அப்படியானால் நாம் ஏன் குழம்புவதில்லை? பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் பாகம் பிரித்துக்கொண்டன. தப்பு, பிழை என்று பெயராக வந்தால் குற்றம். தப்பினான், பிழைத்தான் என்று வினையாக வந்தால், பெரும்பாலும் மீட்சி. குற்றத்தை வினையாகச் சொல்ல ‘செய்’ துணைக்கு வரவேண்டும்: தப்பு செய்தான். குறி தப்பியது, தாளம் தப்பியது, பருவம் தப்பிய மழை போன்ற தொடர்களில் மட்டும் பழைய ‘தவறிப்போதல்’ இன்னும் ஒட்டியிருக்கிறது.

பழந்தமிழில் இந்தப் பாகப்பிரிவினை இவ்வளவு கறாராக இல்லை. ‘அரைசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று ஆவதூஉம்’ என்கிறது சிலப்பதிகாரத்தின் பதிகம். அரசாட்சியில் தவறியவர்க்கு அறமே எமனாகும் என்பது கருத்து. அரசியலில் ‘பிழைத்தவர்’ என்று இன்று சொன்னால் ஆளே வேறு!

‘தப்பித்துக்கொண்டான்’ என்பதைப் பிரித்துப் பார்த்தால் இன்னும் சுவை. தப்பித்தல் என்பது தப்புதலின் பிறவினை. கொள் என்ற துணைவினை, பலன் செய்தவனுக்கே என்று காட்டுகிறது. வருகிற அடியைத் தன்மேல் படாமல் தப்பச் செய்து, அதன் பலனைத் தனதாக்கிக்கொள்வது என்று இதைப் படிக்கலாம். கன்னடத்தின் ‘தப்பிஸிகொள்ளு’, தெலுங்கின் ‘தப்பிஞ்சுகொனு’ இரண்டும் அச்சு அசல் இதே கட்டுமானம்.

விபத்தில் ‘உயிர் தப்பினார்’ என்று செய்தித்தாள் எழுதும். ‘தப்பித்துக்கொண்டார்’ என்று எழுதினால் அவர் ஏதோ தந்திரம் செய்ததுபோல் தொனிக்கும். ‘தப்பியோடினார்’ என்றால் போலீஸ் தேடுகிறது என்று பொருள். துன்பத்தைப் பாய்ந்து வரும் ஒன்றாகக் கண்டால் தப்புகிறோம், வெள்ளமாகக் கண்டால் கரையேறுகிறோம், பிடியாகக் கண்டால் நழுவுகிறோம்.

இதே குடும்பத்தில் ‘தவறு’ மட்டும் எதிர்த்திசையில் போயிற்று. அதுவும் குற்றம்தான், அதுவும் குறி விலகுவதுதான். ஆனால் ‘தவறிவிட்டார்’ என்றால் ஆள் இல்லை. கை தவறி விழுந்தது என்கிறோம் அல்லவா? அங்கே பார்வை, விழுந்த பொருளின் பக்கம் இல்லை, இழந்த கையின் பக்கம். இறந்தவரைப் பற்றிச் சொல்லும்போதும் பேசுவது மிச்சமிருக்கும் நாம்தான் என்பதால், அவர் நம்மிடமிருந்து தவறியவர் ஆகிறார் என்று நினைக்கிறேன்.