பாகுநிலை: பாயும் பொருளின் உள் உராய்வு

எண்ணெய் நீரைவிடத் தயங்கிப் பாய்கிறது. ஆயினும் நீரின்மேல் மிதக்கிறது. பாதரசத்தின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 13.6 மடங்கு, அதன் பாகுநிலையோ நீரைப்போல் ஒன்றரை மடங்குதான். ஆகவே, ஒரு திரவம் எவ்வளவு கனமானது என்பதற்கும் அது எவ்வளவு எளிதாகப் பாயும் என்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

குழாயில் நீர் சீராக ஓடும்போது, சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கு அசையாமல் நிற்க, நடுப்பகுதி மிக விரைவாகச் செல்கிறது. இடைப்பட்ட ஒவ்வோர் அடுக்கும் விரைவான அடுக்கால் முன்னே இழுக்கப்பட்டும் மெதுவான அடுக்கால் பின்னே தடுக்கப்பட்டும் நகர்கிறது. இந்த உராய்வு அடுக்குகளுக்கு இடையிலான வேக மாறுபாட்டுக்கு நேர்விகிதத்தில் அமையும் என்ற கருத்தை நியூட்டன் 1687இல் முன்வைத்தார். அந்த விகிதத்தைக் குறிக்கும் மாறிலியே பாகுநிலையின் அளவான பாகியல் எண். 20 டிகிரி செல்சியசில் நீருக்கு இது சுமார் 1 மில்லிபாஸ்கல்-வினாடி. கிளிசரினுக்கு அதைப்போல் ஏறக்குறைய 1,400 மடங்கு. சுத்தியலால் அடித்தால் நொறுங்கும் தார்க்கட்டிகூடப் பாயக்கூடியதே: ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னல் 1927இல் தொடங்கிய சோதனையில், 2014 வரை புனலிலிருந்து 9 துளிகளே விழுந்திருந்தன.

சூடேறினால் திரவம் இளகுகிறது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்த்துப் பிடித்திருக்கும் பிடியிலிருந்து எளிதில் விடுபடுவதால், 80 டிகிரியில் நீரின் பாகுநிலை 20 டிகிரியில் இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. வாயுக்களில் நிலைமை நேர்மாறானது. இந்தப் பாடத்தில் மிகவும் சுவையான இடம் இதுவே என்பேன். வாயு மூலக்கூறுகள் விலகி இருப்பதால் ஈர்ப்புக்கு அங்கே பெரிய பங்கில்லை. அடுக்குவிட்டு அடுக்கு பாயும் மூலக்கூறுகள் தம் உந்தத்தையும் (நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கிய அளவு) கொண்டுசெல்வதே உராய்வாக வெளிப்படுகிறது. வெப்பம் கூடினால் அவை இன்னும் விரைந்து பாய்கின்றன, பாகுநிலையும் உயர்கிறது.

அழுத்தத்தைக் குறைத்தால் வாயுவின் பாகுநிலை குறையாது என்பது இயற்பியலாளர் மாக்ஸ்வெல் 1860இல் கண்ட விந்தையான முடிவு. உந்தத்தைச் சுமக்கும் மூலக்கூறுகள் குறைந்தாலும், ஒவ்வொன்றும் மோதலின்றிக் கடக்கும் தொலைவு அதே அளவில் நீள்வதால் இழப்பு ஈடாகிவிடுகிறது. அவரே இதைக் கண்டு வியந்தார். பின்னர் மனைவி கேத்தரினின் உதவியோடு, காற்றில் முறுகி அலையும் தட்டுகளைக் கொண்டு சோதித்து உறுதிசெய்தார். காற்றின் அடர்த்தி மிகமிகக் குறையும்போதுதான் இவ்விதி பொய்க்கிறது.

நியூட்டனின் நேர்விகிதத்துக்கும் விலக்குகள் உண்டு. சுவர்ப்பூச்சுகள் பலவும் தூரிகை இழுக்கும்போது இளகி, விட்டதும் கெட்டிப்படுகின்றன. இரத்தமும் வேகமாக ஓடும்போது இளகுகிறது. இத்தகையவற்றின் பாகுநிலையை ஒரே எண்ணால் சொல்ல இயலாது; எந்த வேக மாறுபாட்டில் அளந்தோம் என்பதையும் உடன் குறிப்பிட வேண்டும்.