இன்டகிரேஷன்: இணைப்பா, ஒருங்கிணைப்பா?

ஆலையில் மெஷினில் கேபிளைச் செருகி, திரையில் ஏதோ ஒரு எண் ஓட ஆரம்பித்ததும் "இன்டகிரேஷன் முடிஞ்சது சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். முடிந்தது இணைப்பு மட்டும்தான்.

சொல்லின் வேர் இலத்தீன் 'இன்டெகர்'. 'இல்லாத' என்ற பொருள் தரும் 'இன்', தொடுதலைக் குறிக்கும் வேர், இரண்டும் சேர்ந்து 'கை படாதது', அதாவது முழுசு. கணக்கில் முழு எண்ணை இன்டிஜர் என்பதும் இதுதான். ஷிஃப்ட் முடிந்ததும் ஒருவர் மெஷின் காட்டும் எண்ணை நோட்டில் எழுத, இன்னொருவர் அதை எக்செல்லில் தட்ட, மூன்றாமவர் ஈஆர்பியில் (கம்பெனிக் கணக்கு வழக்கெல்லாம் இருக்கும் மென்பொருள்) ஏற்ற, நடுவில் 6 எப்படியோ 0 ஆகிவிடும் ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு 'கை படாதது' எவ்வளவு பொருத்தம் என்று புரியும்.

தமிழில் கணிதத்துக்குத் தொகையிடல், நாட்டுக்கு ஒருமைப்பாடு. ஆலைக்கு இரண்டும் ஒத்துவராது. மெஷினை இயக்கும் சின்னக் கணினியான சீமென்ஸ் பிஎல்சியும் ஃபானுக் கம்பெனி ரோபோவும் ஒன்றாகிவிடப் போவதில்லை, அதது அததாகவே இருந்து சேர்ந்து உழைக்க வேண்டும். அதற்கு ஒருங்கிணைப்புதான் சரி. ஒருங்கு என்றால் ஒருசேர. 'வேண்டிய வெல்லாம் ஒருங்கு' என்று 343-வது குறளிலேயே இருக்கிறது. ஒருங்கிணைவு என்றும் சிலர் எழுதுகிறார்கள், ஆனால் அது தானாக நடப்பது போல் ஒலிக்கிறது. ஆலையில் எதுவும் தானாக இணைவதில்லை.

இணைப்புக்கும் ஒருங்கிணைப்புக்கும் உள்ள தூரத்தை, மெஷின்கள் பேசிக்கொள்ளும் மோட்பஸ் என்ற மொழி காட்டிக்கொடுத்துவிடும். 1979-ல் மோடிகான் கம்பெனி கொண்டுவந்தது, இன்றும் ஓடுகிறது. மெஷின் மதிப்பை வைத்திருக்கும் எண்ணிட்ட பெட்டியான ரெஜிஸ்டரில் 253 என்று வரும். 253 டிகிரியா, 25.3-ஆ, டிகிரியே இல்லாமல் அழுத்தமா? மோட்பஸ் சொல்லாது, கையேட்டைப் புரட்ட வேண்டும். 2008-ல் வந்த இன்னொரு மொழியான ஓபிசி யுஏ, மதிப்போடு அதன் பெயர், அலகு, நேரம் எல்லாவற்றையும் தர வழிசெய்தது (எந்திரம் செய்தவர் அவற்றை நிரப்பியிருந்தால்!).

அப்புறம் மோட்பஸ் ரெஜிஸ்டர்களை எண்ணும் முறை. கையேட்டில் 40001 என்று இருக்கும் ரெஜிஸ்டர் கம்பியில் 0 என்று போகும். ஒருமுறை இதில் ஒன்று பிசகி, அடுப்பின் வெப்பநிலைக்குப் பதில் பக்கத்து ரெஜிஸ்டரில் இருந்த செட்பாயிண்ட்டை (நாம் வைத்த இலக்கு வெப்பநிலை) இழுத்துக்கொண்டிருந்தேன். கோடு 180-ல் ஆடாமல் அசையாமல் நின்றது. என்ன அருமையான கன்ட்ரோல் என்று அரை நாள் மெச்சிக்கொண்டிருந்தேன்.