டிஸ்ட்ரோ மாறினால் என்ன மாறுகிறது?

விண்டோஸைப் போன்ற இயங்குதளமான லினக்ஸ் பல தொகுப்புகளாகக் கிடைக்கிறது; அப்படி ஒரு தொகுப்புதான் டிஸ்ட்ரோ. அதை ஸ்கிரீன்ஷாட் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அதிகம். மெனு எந்த மூலையில் இருக்கிறது, ஐகான் அழகாக இருக்கிறதா என்பதையெல்லாம் எந்த டிஸ்ட்ரோவிலும் அரை மணி நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம். நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாதது, எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு எப்போது கணினிக்கு வந்து சேரும் என்கிற ஏற்பாடு.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? லினக்ஸில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு வேண்டியதை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வருவதில்லை. நூற்றுக்கணக்கான மென்பொருள்கள் ஒரே லைப்ரரியை, அதாவது பொதுவான வேலைகளுக்கு எழுதிவைத்த நிரல் தொகுப்பை, பகிர்ந்துகொள்கின்றன. மறையாக்க வேலைக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் அப்படி ஒன்று. உபுண்டு என்கிற டிஸ்ட்ரோவின் 20.04 பதிப்பில் அதன் 1.1 வரிசை இருந்தது; 22.04-இல் 3 வந்தது. லைப்ரரி கோப்பின் பெயரிலேயே இந்த எண் இருப்பதால், பழையதை நம்பிக் கட்டப்பட்ட மென்பொருள் புதிய உபுண்டுவில் தன் கோப்பைத் தேடிக் காணாமல் திறக்கவே மறுத்தது. எங்கிருந்தோ பழைய கோப்பை எடுத்துப் போட்டால் ஓடும்தான். ஆனால் 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. ஓட்டை இருந்தால் அடைக்க ஆள் இல்லை.

ஆக, ஒன்றோடொன்று ஒத்துப்போகும் பதிப்புகளைப் பொறுக்கிச் சேர்ப்பதுதான் டிஸ்ட்ரோவின் தலையாய வேலை. டெபியன் சுமார் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் உறையவைத்து வெளியிடுகிறது. அதன்பின் எண்கள் பெரும்பாலும் நகராது. பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் கொண்டுவந்து தைக்கிறார்கள். பேக்கேஜ் (நிறுவுவதற்கான மென்பொருள் பொதி) எண்ணின் வாலில் ‘டெப்12யு1’ என்பதுபோல் ஒட்டியிருந்தால் அந்தத் தையல் நடந்திருக்கிறது என்று அர்த்தம். பழைய எண்ணைப் பார்த்துப் பாதுகாப்பில்லை என்று பதறுவது வீண்.

ஆர்ச் இதற்கு நேர் எதிர். அங்கே வெளியீடு என்று ஒன்று கிடையாது, புதியது வந்தபடியே இருக்கும். பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பித்துவிட்டு, கணினி முழுவதையும் புதுப்பிக்காமல் ஒரே ஒரு மென்பொருளை நிறுவுவதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். அதனோடு புதிய லைப்ரரி உள்ளே வரும், பழையதை நம்பியிருந்த மற்றவை உடையும். ஃபெடோரா இடையில் நிற்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 13 மாத ஆதரவு.

அன்றாட வேலைக்கு மின்ட் என்கிற டிஸ்ட்ரோவின் 22 வரிசையைச் சொல்வேன். அடித்தளம் உபுண்டு 24.04, ஆதரவு 2029 வரை. குறைந்தது 2 ஜிபி ரேம் என்பார்கள். உலாவியைத் திறந்தால் 4 ஜிபியே இழுபறிதான். அடித்தளம் பழையதாக இருக்க ஒரு மென்பொருள் மட்டும் புதிதாக வேண்டுமா? எந்த டிஸ்ட்ரோவிலும் ஓடும் தனிப் பொதி முறையான ஃபிளாட்பேக்கில் போடுங்கள். தன் லைப்ரரிகளோடு வருவதால் மற்றவற்றைத் தொடாது. முதல் தடவை நூற்றுக்கணக்கான எம்பி இறங்கும், அதுதான் விலை.

லேப்டாப் புத்தம் புதிது என்றால் கணக்கு மாறும். வைஃபை, கிராஃபிக்ஸ் சிப்களை இயக்கும் டிரைவர்களில் பெரும்பாலானவை லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. கெர்னலுக்குப் பிறகு பிறந்த சிப்பை அது அறியாது. அப்போது புதிய கெர்னலோடு வரும் ஃபெடோரா நல்லது. நிறுவும் முன் 8 ஜிபி பென்டிரைவில் லைவ் முறையில், அதாவது கணினியில் நிறுவாமலே, ஓட்டி வைஃபை, ஒலி, திரை வெளிச்சம் மூன்றையும் பாருங்கள். பலரும் மறப்பது, மூடியை மூடித் திறந்தால் கணினி விழிக்கிறதா என்பதை.

என்விடியா கிராஃபிக்ஸ் கார்டும், நம்பகமான கையொப்பம் இல்லாததை ஓடவிடாத செக்யூர் பூட் என்கிற பாதுகாப்பும் சேர்ந்திருந்தால் இன்னொரு சிக்கல். நிறுவும்போது மின்ட் ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை வரும். பத்து நொடிக்குள் ஏதாவது விசையைத் தட்டி, டிரைவரின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவியைப் பதியும் தெரிவுக்குப் போய் அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். தேநீர் எடுக்கப் போய்விட்டால் திரை தானாக நகர்ந்துவிடும். கையொப்பச் சாவி பதிவாகாததால் டிரைவரைக் கெர்னல் ஏற்காது, பதியும் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.